முதல் வாய் வானம்

கல்லாங்காட்டுப்பாளையத்தில் நல்லம்மாளின் மரவள்ளிக் காட்டில் போட்ட போரில் தண்ணீருக்குப் பதிலாக வானம் வந்தபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பூமியில் போர் போட்டால் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வெறும் புகை வரும், சேறு வரும், வாயில் வைக்க முடியாத உப்பு வரும், ஆகவே ஆயிரம் அடிக்குக் கீழே நீலமாக ஏதோ வருகிறது என்று ஆள் வந்து சொன்னபோது, வரட்டும், ஒன்றும் வராமல் போவதற்கு ஏதாவது வந்ததே என்றுதான் சொன்னார்கள். பெரிதாக எடுத்துக்கொண்டவள் மயிலாத்தாள் ஒருத்திதான். அந்தப் போர் வண்டியை ஓட்டியது அவள் புருஷன் செங்கோடன். அவனும் வானமும் ஒரே இடத்தில் சந்தித்தால் தன் பாடு என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

செங்கோடன் முப்பது வருஷமாகப் பூமியில் ஓட்டை போட்டவன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஊருக்குப் பத்துப் பேருக்காவது அதுதான் பிழைப்பு. வண்டி கிளம்பினால் கர்நாடகம், மராட்டியம், ராஜஸ்தான் என்று பாறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகும், மழை பிடித்துக்கொண்டால் ஊருக்கு வருவார்கள், வந்தவர்களின் துணியிலிருக்கும் கல்மாவை அலசி முடிப்பதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும். மயிலாத்தாள் கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடு இருந்ததைவிட அவன் துணியிலிருந்த கல்மாவோடு இருந்ததுதான் அதிகம். மகளைப் பெற்றதும் வளர்த்ததும் பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள் தனியாகத்தான். ஐம்பது தாண்டினால் வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று அவன் ஒரு தீபாவளிக்குச் சொல்லியிருந்தான், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் அத்தனை வருஷத்தையும் தள்ளினாள்.

கம்ப்ரசர் சத்தத்தில் அவனுக்கு ஒரு காது முழுசாகவும் இன்னொரு காது முக்காலும் போயிருந்தது. குழிக்குள் மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது கத்தினால் யாருக்கும் கேட்காது என்பதால், போர்க்காரர்கள் கயிற்றைச் சுண்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு சுண்டு சுண்டினால் போதும், நிறுத்து. இரண்டு சுண்டினால் இன்னும் கொஞ்சம் விடு. மூன்று சுண்டினால் இழுத்துக்கொள். அந்த வழக்கத்தை அவன் வீட்டுச் சோற்றுக்கும் கொண்டுவந்துவிட்டான். சாப்பிடுகிற வட்டல் விளிம்பில் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம், இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம். இரண்டு தட்டுக்கு மயிலாத்தாள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னவள் அல்ல. சட்டியில் இல்லாத நாளில் தன் பங்கை வழித்துப் போட்டிருக்கிறாள், அது அவனுக்குத் தெரியாது.

கடைசித் தடவை என்று சொல்லி ஆப்பிரிக்காவுக்குப் போனபோதுதான் வினை வந்தது. வண்டி கப்பலில் போக, ஆட்களை விமானத்தில் ஏற்றினார்கள். முப்பது வருஷம் குனிந்து ஓட்டையையே பார்த்த கழுத்து அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பியது, அப்படியே நின்றுவிட்டது, கீழே மேகம் கறந்த பால் நுரை மாதிரி கிடந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சோறு வேண்டாமா என்று கேட்டது செங்கோடனின் எந்தக் காதிலும் விழவில்லை. இறங்கும்போது வாசலில் பைலட் வந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைக்குள் அடங்காத தொப்பை. அதுதான் செங்கோடனைக் கெடுத்தது. பைலட் என்றால் இளந்தாரிகள் என்று நினைத்திருந்தவனுக்கு, தன் வயசுக்காரன் ஒருவன் இத்தனை பேரையும் மேகத்துக்கு மேலே கூட்டிவந்து இறக்கிவிட்டிருக்கிறான் என்று தெரிந்துபோயிற்று.

ஊர் வந்து சேர்ந்து, பெட்டியை இறக்கி வைத்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"மயிலா, நான் பைலட் ஆகோணும் புள்ள."

"மொதல்ல தண்ணி வாத்துக்கிட்டு வாங்க," என்றாள் மயிலாத்தாள்.

குளித்துவிட்டு வந்த பிறகும் அதையேதான் சொன்னான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்றைத் தேடிக்கொண்டு பட்டணத்துக்குப் போனான், அவளே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், போய் அலுத்துவிட்டு வரட்டும் என்று நினைத்தாள். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான், வயசைக் கேட்டுச் சிரிக்கவில்லை. டாக்டர் அவன் காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்று எழுதிக் காட்டினார். செங்கோடன் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெகு நேரம் காத்திருந்தான். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அவன் கேட்டபோது பரீட்சை முடிந்து போயிருந்தது.

அதை அவன் வீட்டில் வந்து சொன்னபோது மயிலாத்தாளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அழுகைதான் வந்தது. ஊருக்கு அழுகை வரவில்லை. பைலட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் பைலட்டுக்கு ஒரு டீ என்றார்கள், பஸ்ஸில் பைலட்டுக்கு ஜன்னலோரம் விடுங்கள் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருப்பதற்கு வேலைக்குப் போவதே மேல் என்று அவன் உள்ளூர்ப் போர் வண்டி ஒன்றில் மறுபடியும் ஏறிவிட்டான். அந்த வண்டிதான் நல்லம்மாளின் காட்டுக்கு வந்தது.

நல்லம்மாள் அறுபது வயசுக்காரி, புருஷன் போன பிறகு தனியாகப் பண்ணையம் பார்க்கிறவள், முறை தவறினால் சாமியையே நிறுத்திக் கேட்கக்கூடியவள். தேங்காயைக் கையில் வைத்து இடம் பார்த்து, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் போரை ஆரம்பித்தார்கள். வெள்ளைப் புகை வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில் புகை, நாள் முழுக்கப் புகை, நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் அடியைத் தாண்டியதும் பாறை சட்டென்று விட்டுப்போனது, சுத்தியல் எதிலும் படாமல் சுற்றியது, புகை நின்றது, குழாய் வாயில் ஒரு மேகத் துண்டு வந்து சிக்கி, பிய்த்துக்கொண்டு வெளியே போனது, அதன் பின்னால் குளிர்ச்சியாக, நீலமாக, சத்தமே இல்லாமல் வானம் பொங்கி வழிந்தது.

போரில் என்ன வந்தாலும் முதல் வாய் போர்க்காரனுக்கு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காட்டுக்காரர் சொம்பில் பிடித்துக் கொடுக்க, அவன் குடித்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். நல்லம்மாள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, பித்தளைச் சொம்பைக் குழாய் வாயில் காட்டி விளிம்பு வரைக்கும் பிடித்துச் செங்கோடனிடம் நீட்டினாள். நிறைந்த பிறகு சொம்பு காலியாக இருந்ததைவிட லேசாக இருந்தது. செங்கோடன் அதை வாய்வரை கொண்டுபோனான். பிறகு உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஓடுகிற கம்ப்ரசரை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

மயிலாத்தாள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். அவன் சொம்பை அவள் முன்னால் வைத்து, கையை எடுத்தான்.

"எத்தன ஊர்ல தண்ணி எடுத்திருப்பேன், உனக்குன்னு ஒரு சொம்பு கொண்டாந்ததில்ல. இந்தா பாரு புள்ள."

அவள் எட்டிப் பார்த்தாள். அடியே தெரியவில்லை. நடுப்பகல் வானம், பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"முதல் வாயி குடிக்கலீங்களா?"

"குடிச்சா போயிருவேன். உன்னையக் கேக்காம எப்படிப் போறது?"

மயிலாத்தாள் எழுந்தாள். சொம்பின் மேல் ஒரு தட்டத்தைக் கவிழ்த்தாள், தட்டத்தின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள், சொம்பையும் குழவியையும் சேர்த்துத் துணியால் கட்டி அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்துவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் பிறகு அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

ஊர் அந்த வானத்தை என்ன செய்தது என்று கேட்டால், தண்ணீரை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. முதலில் வழக்கம்போல வாயில் கல்லைப் போட்டு மூடினார்கள், மறுநாள் காலையில் அந்தக் கல் சென்னியப்பனின் கோழிப்பண்ணைக் கூரைமேல் இருந்தது. அப்படியானால் மோட்டாரை இறக்க வேண்டியதுதான் என்று மோட்டாரை இறக்கினார்கள். வாய்க்கால் வெட்டி வானத்தைப் பாத்தி பாத்தியாகக் கட்டினார்கள். நல்லம்மாளின் பங்காளிகளுக்குப் பழைய கிணற்றில் முறை உண்டு, ஆகவே வானத்திலும் முறை உண்டு என்று வந்து நின்றார்கள், பேசி முடித்து ஆளுக்கு இன்ன கிழமை என்று வானத்துக்கு முறை வைத்தார்கள். முறை மாறி மடையை வெட்டி அடுத்தவன் வானத்தைத் தன் காட்டுக்குத் திருப்பியவனைப் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, இது விவசாயத்துக்குத்தானே என்று மட்டும் கேட்டு, ஆமாம் என்றதும் மோர் குடித்துவிட்டுப் போனார்.

வானம் பாய்ந்த காட்டில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை, முற்றியதும் தானே மண்ணை விட்டு எழுந்து முழங்கால் உயரத்தில் நின்றது, பெண்கள் நின்றபடியே மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டார்கள். தென்னையில் தேங்காய் விழுவது நின்று போனது. முட்டி வலிக்காரர்கள் சாயங்காலத்தில் வாய்க்காலுக்குள் போய் நின்றுகொண்டார்கள், வலி குறைகிறது என்றார்கள், அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு துறை கட்டி விட்டார்கள். வாய்க்காலைத் தார்ரோட்டுக்குக் குறுக்கே விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டார்கள், ஏனென்றால் ஒரு வெள்ளிக்கிழமை டவுன் பஸ் அதில் கால் வைத்து அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கியது, நடுவில் இறங்க வேண்டியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சென்னியப்பனின் பண்ணை பக்கத்துக் காடுதான், அங்கே கசிந்த வானத்தில் முட்டைகள் தட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றன. உடைசல் குறைந்தது என்று அவனுக்குச் சந்தோஷம், ஆனால் ஆம்லெட் கல்லில் நிற்க மாட்டேன் என்கிறது என்று வெளியூரிலிருந்து புகார் வந்தது.

செங்கோடன் நல்லம்மாளிடம் போய் எனக்கு ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டான். அவள் தாட்சண்யமாகத்தான் பேசினாள்.

"காடு இல்லாதவனுக்கு முறை ஏதப்பா? நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. கடைமடையில ஒழுகறத நீ வெச்சுக்க, அதுக்கு ஆரும் கேக்கமாட்டாங்க."

கடைமடை என்பது எல்லாப் பாத்தியும் பாய்ந்த பிறகு மிச்சம் போய்த் தேங்குகிற தரிசு. அங்கே அவன், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கழித்துப் போட்ட கேபின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஸ்டியரிங் இருந்தது, கண்ணாடி இல்லை, கதவு ஒன்றுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தான். முதல் நாள் கேபின் ஒரு கன்றுக்குட்டி உயரம் எழும்பியது. போகப்போகக் கூரை உயரத்துக்கு வந்தது. அமாவாசையன்று காட்டில் யாரும் கை வைப்பதில்லை என்பதால் முழு வானமும் கடைமடைக்கு வந்து சேரும், அன்றைக்கு மட்டும் தென்னங்குருத்துக்குச் சமமாகப் போய் நிற்கும். அங்கிருந்து அவன் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி நாலாபக்கமும் பார்ப்பான், உங்கள் ஆடு இட்டேரிப் பாதையில் நிற்கிறது, உங்கள் வீட்டு ஓடு ஒன்று உடைந்திருக்கிறது என்று கீழே போகிறவர்களுக்குச் சொல்லுவான். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அவனிடம் சைகையில் வழி கேட்கவும் ஆரம்பித்தது.

மயிலாத்தாள் மத்தியானம் சோறு கொண்டுபோவாள். தொரட்டியில் தூக்குப் போசியை மாட்டி மேலே நீட்டினால் அவன் எடுத்துக்கொள்வான். அவளுக்கு அவன் பாதம்தான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே கேபின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான், அவள் இன்னொரு போசியை மாட்டி நீட்டுவாள். முப்பது வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. புருஷன் நாலு ஆள் உயரத்தில் மிதந்தால் என்ன, தினமும் ஒரே இடத்தில் மிதக்கிறான், இரண்டு தட்டினால் கேட்கிற தூரத்தில் இருக்கிறான். இப்படியே கண்ணை மூடும்வரை இருந்துவிட்டால் போதும் என்று அவள் மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டாள்.

ஆனால் அவனுக்குப் போதவில்லை. தென்னைக்கு மேலே ஒரு கை தூரம் போனால் மலைக்கு அந்தப் பக்கம் தெரியும் என்பான். ஊர்மேல் எப்போதாவது விமானம் போகும், அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பான், அது மறைந்து வெகு நேரம் கழித்தும் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில் தொரட்டியை ஆட்டினாலும் குனிய மாட்டான்.

இதைத் தெரிந்துகொண்டுதான் சென்னியப்பன் வந்தான். எனக்கு ஒரு போர் போட்டுக் கொடு, வாரத்தில் ஒரு முறை முழுசாக உனக்கு விடுகிறேன் என்றான். வேறு ஆளை வைத்துப் போட்டவர்களுக்கு வெறும் புகைதான் வந்தது, வானத்தை எடுக்கிற கைராசி செங்கோடனுக்கு மட்டும்தான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

"ஊரூராப் பாத்தவரு நீங்க," என்றாள் மயிலாத்தாள். "ஒரு போருக்குப் பக்கத்துல இன்னொண்ணு போட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் புள்ள," என்றான் அவன். "ஒரே ஒரு முறை, முழுசாக் கெடச்சாப் போதும்."

சென்னியப்பன் காட்டில் வானம் வந்தது. அவன் விட்ட முறையில் கேபின் தென்னையைத் தொட்டு இறங்கிவிட்டது, ஏனென்றால் அதற்குள் நல்லம்மாளின் போரில் வானம் குறைந்திருந்தது. அடுத்தவன் வந்து அதே வாக்கைக் கொடுத்தான், செங்கோடன் இன்னும் ஆழமாகப் போட்டான். அதற்கடுத்தவன் வந்தான். ஒவ்வொருத்தரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், விடுவதற்குத்தான் வானம் இல்லை. வந்தது வெளிறிப்போய், விட்டு விட்டு, கடைசியில் கொஞ்சம் ஈரக் காற்றாக வந்தது. ஒரு நாள் மத்தியானம் மயிலாத்தாள் சோற்றோடு போனபோது கேபின் மண்ணில் உட்கார்ந்திருந்தது, தொரட்டி தேவைப்படவில்லை.

முட்டைகள் தட்டில் இறங்கின, கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டது, முட்டி வலிக்காரர்கள் திண்டாடிப்போனார்கள். ஆளுக்கு ஆள் பக்கத்துக் காட்டுக்காரனைத்தான் திட்டினார்களே தவிர செங்கோடனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான். நல்லம்மாளுக்கு மட்டும் வேறு ஒரு சந்தேகம் வந்தது, மயிலாத்தாளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முதல் வாயைக் குடிக்காத போர் நிலைக்காது, அன்றைக்கு நான் கொடுத்ததை அவன் குடித்தானா இல்லையா என்று கேட்டாள்.

"கை தவறிக் கொட்டிப்போச்சுங்க அக்கா," என்றாள் மயிலாத்தாள்.

அரிசிப் பீப்பாய் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நல்லம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து போனாள். மயிலாத்தாள் அன்றைக்கு உலை வைக்க அரிசி எடுக்கும்போது படியில் குழவிக்கல் இடித்தது.

செங்கோடன் தினமும் வெள்ளைச் சட்டையோடு போய்த் தரையில் கிடக்கும் கேபினில் உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கை மட்டும் அவ்வப்போது கொஞ்சம் திருப்புவான். ஒருவேளை இதுவும் பழகிப்போகும் என்று மயிலாத்தாள் நினைத்தாள், வீட்டோடு ஒரு மனிதன் வந்து சேர்ந்துவிட்டான், இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் இப்போது சாப்பிடும்போது முதல் கரண்டி விழுந்ததும் வட்டலில் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். கொள்ளுப் பருப்பு வைத்தாள், ஒரு தட்டு. நாட்டுக்கோழி அடித்து வறுத்தாள், ஒரு தட்டு. மகளும் மருமகனும் வந்திருந்த அன்றைக்கும் ஒரு தட்டு. போதும் என்ற அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் போய் விழுந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்காத மனிதனை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பீப்பாய்க்குள் கையை விட்டாள்.

தட்டத்தை எடுத்தபோது உள்ளே வானம் கொஞ்சமும் குறையாமல் இருந்தது, இத்தனை நாளும் இருட்டில் கிடந்ததாலோ என்னவோ இப்போதுதான் அங்கே விடிந்துகொண்டிருந்தது. தோளில் வீட்டில் கிடந்த பழைய மோட்டார்க் கயிற்றுச் சுருளையும் கையில் சொம்பையும் எடுத்துக்கொண்டு நல்ல வெயிலில் கடைமடைக்கு நடந்தாள், பார்த்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள். நல்லம்மாளும் வந்தாள், சொம்பை அடையாளம் கண்டுகொண்டு மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தாள்.

"குடிங்க," என்றாள் மயிலாத்தாள்.

செங்கோடன் சொம்பை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தான். "நீ இருந்துக்குவியா?"

"இத்தன வருசம் இருந்தவதானுங்களே." அவள் கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்கினாள். "ஆனா கயிறு கட்டித்தான் உடுவேன்."

அவன் சிரித்தான். ஆப்பிரிக்கா போய் வந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான். மோட்டாருக்குப் போடுகிற முடிச்சையே அவன் இடுப்பில் போட்டாள், கயிற்றின் மறுமுனையை நல்லம்மாளின் போர் வரைக்கும் கொண்டுபோய்க் குழாயில் கட்டினாள். அவன் அண்ணாந்து, விளிம்பில் வாய் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். சொம்பை அவளிடம் கொடுக்கும்போதே கால் மண்ணை விட்டிருந்தது. கையை விரிக்கவில்லை, ஆட்டவில்லை, லீவரைப் பிடிப்பதுபோல முன்னால் வைத்துக்கொண்டு, முதுகை நேராக்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரி மேலே போனான். கூரையைத் தாண்டினான், தென்னையைத் தாண்டினான். முப்பது வருஷம் கீழே கீழே என்று இறங்கிய கயிறு அன்றைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

கயிறு தீர்ந்து விறைத்து நின்றது. பிறகு இரண்டு சுண்டு சுண்டியது.

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் போர் வண்டியில் போனவர்கள், அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நல்லம்மாள்தான் முதலில் ஓடிப்போய்த் தன் கிணற்றுக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சென்னியப்பன் பண்ணை வலையின் கயிற்றை உருவிக்கொண்டு வந்தான். மாட்டுக் கயிறு, துணி காயப்போடும் கொடி, தூளிக் கயிறு, லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிறு என்று, ஒருத்தன் வானத்தை ஒருத்தன் உறிஞ்சிக் காயவிட்ட அதே ஆட்கள், ஒருத்தர் கயிற்றோடு ஒருத்தர் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கயிறு தீரும்போதும் மேலிருந்து இரண்டு சுண்டு வந்தது. கடைசியில் கோயில் கொட்டகையைத் திறந்து, தேர் வடத்தை ஊரே தூக்கிக்கொண்டு வந்து கட்டியது. வடமும் போனது. அவன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

வடத்தின் நுனியை மயிலாத்தாள் பிடித்திருந்தாள், அவளுக்குப் பின்னால் ஊர் பிடித்திருந்தது. மூன்று சுண்டு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்று வந்தால் தேர் இழுப்பதுபோல எல்லாரும் சேர்ந்து இழுத்துவிடலாம் என்று கால்களை ஊன்றி நின்றார்கள்.

இரண்டுதான் வந்தது.

ஊரில் இனிமேல் கயிறு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். இழுத்துவிடு அம்மிணி, ஆசைக்குப் போய்ப் பார்த்தாயிற்று, வயசான காலத்தில் மனுஷன் வீட்டுக்கு வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்த்து எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னாள்.

"அவரு ரெண்டு தட்டுத் தட்டி நான் இல்லைன்னு சொன்னதே இல்லீங்க," என்று சொல்லிவிட்டு விரல்களைத் திறந்தாள்.

வடத்தின் நுனி தென்னங்கீற்றில் ஒரு தரம் உரசிக்கொண்டு மேலே போனது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதல் வாய் குடித்த பிறகும் போரில் வானம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து உப்புத் தண்ணீர் வந்தது, ஊர் அதையே மெச்சிக்கொண்டு முறை வைத்துப் பாய்ச்சியது. வானம் வந்த காலத்தைப் பற்றி, நல்ல மழை பெய்த ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். மயிலாத்தாள் வீட்டுக்குப் பைலட் வீடு என்று பேர் நிலைத்துவிட்டது, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தான், இப்போது அந்தப் பேரில் யாரும் சிரிப்பு வைக்கவில்லை.

கயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நல்லம்மாளின் கிணற்றுக் கயிறு ஒரு காலையில் சகடையில் மாட்டியபடி இருந்தது. மாட்டுக் கயிறுகள் அந்தந்த முளைக்குச்சியில் சுற்றியிருந்தன, யாருடைய கயிறும் யாருக்கும் மாறிப்போகவில்லை. வைகாசித் தேருக்கு முன்னால் வடம் கொட்டகையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, தொட்டால் மேகத்து ஈரம் இருந்தது. செங்கோடன் யார் பொருளுக்கும் ஆசைப்படாதவன் என்று ஊர் பேசிக்கொண்டது. மயிலாத்தாளின் மோட்டார்க் கயிறு மட்டும் வரவில்லை. அது வந்துவிடக் கூடாதே என்றும், வந்தால் தேவலையே என்றும் அவள் ஒரே நேரத்தில் நினைத்தாள். நாளெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நிமிர்ந்து பார்ப்பாள். அவனுக்கு வந்த பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் தனக்கு ஒருத்திக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, வாசலில் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்று நுனி தொங்குவதைப் பார்த்தாள். நைலான் கயிறு, வெயிலில் நிறம் மங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் அது மேலே மேலே போய் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அவள் எழுந்து கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் என்ன கேட்கப்போகிறான் என்று காத்திருந்தாள்.

கயிறு சும்மா இருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் கேட்டவன் அவன், போட்டவள் அவள். தன் வட்டலை அவள் ஒரு தடவையாவது தட்டியதில்லை, தட்டியிருந்தால் போடுவதற்கு எதிரில் ஆளும் இருந்ததில்லை. அவள் இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். ஒரு சுண்டு சுண்டினாள். கொஞ்சம் நிறுத்தி, அழுத்தமாக இன்னொரு சுண்டு சுண்டினாள்.

கயிறு இறங்கத் தொடங்கியது.